சபையில் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ரபீஉல் அவ்வல் மாதத்தில், தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் மீலாது விழாவுக்குப் பேசச் சென்றிருந்தேன். பயான் முடிந்ததும் கேள்வி பதில் வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று பேர் ஜகாத்தைப் பற்றியும் கஸர் தொழுகையைப் பற்றியும் கேட்டார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினார். "ஹஜ்ரத், நடப்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டதுதான் என்றால், மனிதன் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அவனிடம் ஏன் கணக்குக் கேட்கவேண்டும்?" என்றார்.

கேள்வி எனக்குப் புதியதல்ல. மத்ரஸாவில் 'ஷரஹுல் அகாயித்' ஓதியபோது இதற்காகப் பல இரவுகள் விழித்திருக்கிறேன். ஆனால் மேடையில் அந்த இரவுகளில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மேடைக்கென்றே கைவசம் இருக்கும் சம்பவந்தான் நினைவுக்கு வந்தது. உமர் (ரலி) அவர்கள் முன் கொண்டுவரப்பட்ட திருடன், அல்லாஹ்வின் விதிப்படிதான் திருடினேன் என்றானாம். நானும் அல்லாஹ்வின் விதிப்படிதான் உன் கையை வெட்டச் சொல்கிறேன் என்றார்களாம் கலீஃபா அவர்கள். இதை நான் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தபோது பந்தலே சிரித்தது. ஒருவர் தக்பீர் முழங்கினார். தம்பி உட்கார்ந்துவிட்டார். ஜமாஅத் தலைவர் என் தோளைத் தட்டினார். உண்மையைச் சொன்னால், அன்று என் நஃப்ஸு நன்றாகக் குளிர்ந்திருந்தது.

மூன்று மாதங்களுக்குப் பின் வேறோர் ஊரில், ஒரு நிகாஹ் சபையில், அந்தத் தம்பியின் தாய்மாமன் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவர் சொன்ன செய்தி இது. அந்த மீலாதுக்கு முந்திய மாதம் ஓர் இரவில் தம்பியின் அத்தாவுக்கு நெஞ்சுவலி கண்டிருக்கிறது. வாயுக் கோளாறு என்று நினைத்து, ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு, விடியட்டும் என்று மகன் காத்திருந்திருக்கிறார். ஃபஜ்ருக்குப் பின் வண்டி பிடித்துப் போகும் வழியிலேயே அத்தா மவுத்தாகிவிட்டார். மீலாது முடிந்து வீட்டுக்குப் போன தம்பி தம் தாயாரிடம், "ஹஜ்ரத் சொல்லிட்டாங்கம்மா, விதின்னு சொல்லி நான் தப்பிக்க முடியாது" என்றாராம். அதன்பின் அவர் பள்ளிவாசல் பக்கம் வருவது குறைந்துவிட்டது என்றார் மாமா. அவர் என்னைக் குறை சொல்ல வரவில்லை. பையனுக்காக துஆ செய்யுங்கள் என்று கேட்கத்தான் வந்தார்.

நான் சொன்ன பதில் தவறானதா? இல்லை. அது திருடனுக்குரிய பதில். கேட்டவர் திருடனல்லர், துக்கத்தில் இருந்தவர். 'செய்யாமல் விட்டதற்கும்' என்று அவர் சேர்த்துச் சொன்ன சொல்லை ஓர் அறையில் இருவராக உட்கார்ந்து கேட்டிருந்தால் நான் நிச்சயம் பிடித்திருப்பேன். ஐந்நூறு பேர் காதுகொடுத்துக் கொண்டிருந்தபோது அது என் காதில் விழவில்லை. நான் அவருக்குப் பதில் சொல்லவே இல்லை. அந்த ஐந்நூறு பேருக்கே சொன்னேன்.

அன்றிலிருந்து என்னை விடாத கேள்வி இதுதான்: விதி, நன்மை தீமை, இறைவனின் நீதி போன்ற ஆழமான விஷயங்களைப் பலர் கூடிய பொதுச்சபையில் வைத்து உண்மையாகவே ஆராய முடியுமா? அல்லது ஆராய்வதுபோல் ஒரு தோற்றத்தைத்தான் அங்கே காட்ட முடியுமா?

விதியைப் பற்றிப் பேசவே கூடாது என்று இதற்குச் சுருக்கமாக முடிவு கட்டுவோர் உண்டு. அவர்கள் காட்டும் ஆதாரம் திர்மிதீயில் வரும் ஹதீஸ். தோழர்கள் கத்ரைப் பற்றித் தர்க்கித்துக் கொண்டிருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அங்கு வந்தார்கள். கன்னங்களில் மாதுளை முத்துக்களைப் பிழிந்தாற்போல் அவர்களுடைய திருமுகம் கோபத்தால் சிவந்துவிட்டது. முன்சென்ற சமுதாயத்தார் இதில் தர்க்கித்தே அழிந்தார்கள் என்று எச்சரித்தார்கள். இதே செய்தியின் வேறோர் அறிவிப்பில், ஒருவர் ஓர் ஆயத்தையும் மற்றவர் மற்றோர் ஆயத்தையும் எடுத்து ஒன்றோடொன்று மோதவிட்டுக் கொண்டிருந்தார்கள் என்ற விவரமும் வருகிறது.

ஆனால் அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும், புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற இன்னொரு ஹதீஸையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும். பகீஉல் கர்கத் மையவாடியில் ஒரு ஜனாஸாவுக்காகத் தோழர்கள் கூடியிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வந்து அமர, மற்றவர்கள் அவர்களைச் சுற்றி அமர்ந்தார்கள். கையிலிருந்த குச்சியால் தரையைக் கீறியபடியே, ஒவ்வோர் ஆன்மாவின் இருப்பிடமும் எழுதப்பட்டுவிட்டது என்று கூறினார்கள். உடனே ஒருவர், அப்படியானால் எழுத்தின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அமலை விட்டுவிடலாமா என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள், அந்தத் தம்பி கேட்டதும் ஏறத்தாழ இதுதான்! அங்கே கோபம் இல்லை. அமல் செய்யுங்கள், எவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது அவருக்கு எளிதாக்கப்படும் என்று விடை கூறி, அதற்கு ஆதாரமாக ஓர் ஆயத்தையும் ஓதிக்காட்டினார்கள்.

விஷயம் ஒன்றுதான். ஓரிடத்தில் சினம், ஓரிடத்தில் விளக்கம். ஏனெனில் ஒரு கூட்டத்தார் தர்க்கித்தார்கள், இன்னொருவர் கேட்டார். ஆக, தடுக்கப்பட்டது கேள்வியன்று. இதை நம் பள்ளிவாசல்களில் பலர் மாற்றிப் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள்: கேள்வி கேட்கும் பையனை அதட்டுகிறார்கள், தர்க்க மேடைக்கு நன்கொடை வசூலிக்கிறார்கள்.

மத்ரஸாக்களில் ஓதப்படும் 'ரஷீதிய்யா' என்ற சிறிய கிதாபு வாதமுறையைப் பற்றியது. ஜவ்ன்பூரைச் சேர்ந்த அப்துர் ரஷீத் (ரஹ்) அவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் எழுதியது. ஓதுகிற காலத்தில் எங்களில் பலருக்கு அது வேப்பங்காய்தான். அதன் தொடக்கத்திலேயே மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். உண்மை வெளிப்பட வேண்டும் என்பதற்காக இருவர் ஒரு விஷயத்தை ஆராய்ந்தால் அது முனாழரா. உண்மை எப்படிப் போனாலும் எதிரியின் வாயை அடைத்தால் போதும் என்று பேசினால் அது முஜாதலா. இரண்டும் இல்லாமல், பேசவேண்டும் என்பதற்காகவே பேசினால் அது முகாபரா. பேசுகிறவர்களின் சொற்களைக் கொண்டு இம்மூன்றையும் பிரிக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். எண்ணத்தைக் கொண்டுதான் பிரிக்கமுடியும். முனாழரா செய்யப்போகிறேன் என்றுதான் ஒவ்வொருவரும் மேடை ஏறுகிறார். ஏறிய பிறகு சுற்றியிருக்கும் கண்கள் அவரை முஜாதலாவுக்கு இழுத்துவிடுகின்றன.

இந்த இழுப்பை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அவர்கள் ஏட்டில் படித்து அறியவில்லை, அதில் விழுந்து எழுந்து அறிந்தார்கள். கி.பி. 1091-இல் பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக அமர்ந்தபோது அவர்களுக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. வஜீர்களும் பிரமுகர்களும் கூடும் விவாத சபைகளில் அவர்கள் பெயர் உச்சத்தில் இருந்தது. தம்மிடம் முந்நூறு மாணவர்கள் ஓதியதாக 'அல் முன்கித்' என்னும் தம் வரலாற்று நூலில் அவர்களே குறிப்பிடுகிறார்கள். அத்தகையவர் 1095-இல் தம் உள்ளத்தைச் சோதித்துப் பார்த்தபோது, தாம் போதிப்பது அல்லாஹ்வுக்காக அல்ல, புகழுக்காகவே என்பதைக் கண்டார்கள். ஆறு மாதப் போராட்டத்தின் முடிவில் நாவே கட்டுண்டு போய்ப் பாடம் நடத்த முடியாமல் ஆகிவிட்டது. பதவியை விட்டு ஷாமுக்குப் புறப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டு, ஹிஜ்ரி 489-இல், கலீல் நகரில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிமொழிகள் செய்தார்கள். அரசர்களின் அவைக்குச் செல்வதில்லை, அரசர்களின் பணத்தை வாங்குவதில்லை, விவாதத்தில் இறங்குவதில்லை. அரசவை, அரசுப் பணம் ஆகிய இரண்டோடு விவாதத்தையும் ஒரே வரிசையில் வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஹிஜ்ரி 504-இல், மீண்டும் பக்தாதுக்கு வரும்படி அழைப்பு வந்தது. பக்தாதில் இருந்தால் விவாதத்தைத் தவிர்க்க முடியாது என்பதையும் ஒரு காரணமாக எழுதி மறுத்துவிட்டார்கள். மறு ஆண்டு தூஸ் நகரில் வஃபாத்தானார்கள்.

அப்படியானால் வாதமே கூடாது என்பது அவர்கள் கருத்தா என்றால், அல்ல. 'இஹ்யா'வின் இல்முடைய பாடத்தில் முனாழராவுக்கு எட்டு நிபந்தனைகள் வைக்கிறார்கள். அவற்றுள் இரண்டை, மாணவர் ஒருவருக்கு எழுதிய 'அய்யுஹல் வலத்' என்ற மடலிலும், எண்ணம் தூய்மையானதா என்பதற்கு அடையாளங்களாகக் கூறுகிறார்கள். உண்மை உன் நாவில் வெளிப்பட்டாலும் பிறர் நாவில் வெளிப்பட்டாலும் உனக்கு ஒன்றாக இருக்கவேண்டும் என்பது ஒன்று. பலர் முன்னிலையில் பேசுவதைவிடத் தனிமையில் பேசுவது உனக்கு விருப்பமாக இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. முதல் அடையாளம் தம்மிடம் இருப்பதாக எவரும் எளிதில் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதுதான் உரைகல். 'வாருங்கள், இருவரும் உள்ளே போய்ப் பேசுவோம்' என்று அழைத்தால் எத்தனை விவாத வீரர்கள் வருவார்கள்? ஆளில்லாத அறையில் வெல்வதால் யாருக்கு என்ன லாபம்!

நான் மிகவும் மதிக்கும் நிபந்தனை ஒன்று அந்த எட்டில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் ஓர் ஆதாரத்தை விட்டு இன்னோர் ஆதாரத்துக்கு மாறினால் அவரைத் தடுக்கக்கூடாது என்பது. சிந்திக்கிறவன் மாறத்தான் செய்வான். முதலில் சொன்னது நிற்கவில்லை என்று கண்டு வேறொன்றைத் தேடுவான். தனிமையில் இதற்கு ஆராய்ச்சி என்று பெயர். சபையிலோ தோல்வி என்று பெயர். 'முன்பு அப்படிச் சொன்னீரே, இப்போது இப்படிச் சொல்கிறீரே' என்ற ஒரு கூச்சல் போதும், அவன் தான் நம்பாத சொல்லையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். மாற இடமில்லாத இடத்தில் சிந்தனை எப்படி நடக்கும்?

ஹனஃபீ கிதாபுகளில் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியும் இங்கே பொருந்தும். இமாமுல் அஃழம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தம் மகனார் ஹம்மாதை அகீதா விவாதங்களிலிருந்து தடுத்தார்கள். தாங்களும் செய்ததுதானே என்று மகனார் கேட்டார். தாங்கள் பேசிய காலத்தில், தோழர் சறுக்கிவிடுவாரோ என்ற அச்சத்தில், தலைமேல் பறவை அமர்ந்தாற்போல் அசையாமல் இருந்ததாகவும், இப்போதுள்ளவர்களோ தோழர் சறுக்கவேண்டும் என்றே விரும்புவதாகவும் இமாம் அவர்கள் பதில் கூறினார்களாம். அகீதாவில் எதிராளி சறுக்குவது என்றால் குஃப்ரில் விழுவதல்லவா? அதை விரும்புகிறவனின் நிலை என்ன?

இவ்வளவு சொன்ன பிறகு, பொதுச்சபையை முற்றாகத் தள்ளிவிடலாம் என்று நான் எழுதினால் அது நேர்மையாகாது. மறுபக்கமும் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று மஹருக்கு ஒரு வரம்பு விதிக்க முற்பட்டபோது, ஒரு பெண்மணி குர்ஆனிய ஆதாரத்தைக் காட்டி மறுத்ததாகவும், கலீஃபா அவர்கள் தம் தவற்றை அங்கேயே ஒப்புக்கொண்டதாகவும் ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்புத் தொடரைப் பற்றி முஹத்திஸீன்கள் விமரிசனம் செய்திருக்கிறார்கள் என்றாலும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே விவாத ஒழுக்கத்துக்கு எடுத்துக்காட்டாக அதைக் கூறுகிறார்கள். எல்லாவற்றையும் 'தனியே பேசிக்கொள்வோம்' என்று வைத்துக்கொண்டால் ஆலிம்களின் தவறுகள் அறைக்குள்ளேயே புதைந்துபோகும். பொதுமக்களின் உரிமையைப் பாதிக்கும் தீர்ப்பைப் பொதுமக்கள் முன் கேட்கத்தான் வேண்டும். ஜமாஅத்தின் கணக்கையும் அப்படித்தான் கேட்கவேண்டும். ஆயினும் அங்கே உண்மை நிலைபெற்றது சபையின் பெருமையால் அல்ல. தோற்பதற்கு அஞ்சாத ஒருவர் மிம்பரில் நின்றார், அதனால்.

கூஃபாவில் இமாமுல் அஃழம் அவர்களைச் சுற்றி அமர்ந்த மாணவர்களும் ஒரு சபைதானே என்று கேட்கலாம். ஒரு மஸ்அலாவைப் பல நாள் புரட்டிப் புரட்டிப் பேசிய பிறகே அங்கே எழுதிக்கொண்டார்கள். அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களும் முஹம்மத் (ரஹ்) அவர்களும் தம் ஆசிரியருக்கே பல இடங்களில் மாறுபட்டார்கள். மாறுபட்டும் அவருடைய மாணவர்களாகவே இருந்தார்கள். அங்கே பலர் இருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் நாளையும் அதே இடத்துக்கு வருகிறவர்கள். இன்று ஒருவர் தவறாகச் சொன்னால் நாளை திருத்திக்கொள்ளலாம். ஒருவரின் சுபாவம் மற்றவருக்குத் தெரியும். மீலாதுப் பந்தலில் இருந்த ஐந்நூறு பேர் மறுநாள் எங்கே? நான் எங்கே? பேருந்தில் தூங்கிக்கொண்டு வந்தேன்.

இதைக் குர்ஆன் ஷரீஃபே சுட்டுகிறது. ஸபஉ அத்தியாயத்தின் 46-ஆவது வசனத்தில், நபியவர்களைப் பற்றி முடிவுசெய்ய வேண்டிய மக்காவாசிகளுக்கு ஒரே ஓர் உபதேசம் கூறப்படுகிறது. அல்லாஹ்வுக்காக இருவர் இருவராகவும் தனித்தனியாகவும் எழுந்து நின்று, பின்னர் சிந்திக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. கூட்டமாகச் சேர்ந்து சிந்தியுங்கள் என்று சொல்லப்படவில்லை. கூட்டம் சிந்தனையைக் கலைத்து, பார்வையை மறைத்துவிடும் என்று 'கஷ்ஷாஃப்' தஃப்ஸீரில் ஸமக்ஷரீ விளக்குகிறார். அகீதாவில் அவர் முஃதஸிலாக் கொள்கையினர், அது வேறு விஷயம். இந்த இடத்தில் அவர் சொன்னது சரி.

இன்று மேடை எல்லோருடைய சட்டைப் பையிலும் வந்து அமர்ந்துவிட்டது. ஊர்க் குழுக்களிலும் ஜமாஅத் குழுக்களிலும் கைபேசி வழியாக, விதியும் படைப்பின் தொடக்கமும் காலையில் கிளப்பப்பட்டு ளுஹருக்குள் தீர்க்கப்படுகின்றன. நானும் இரண்டொரு குழுக்களில் இருக்கிறேன். பார்த்தவரையில், மேடையில் உள்ள நோய் அத்தனையும் அங்கே உண்டு. கூடுதலாக, பேசிய சொல் காற்றோடு போகாமல் அப்படியே நிற்கிறது. கருத்தை மாற்றிக்கொண்டவரின் பழைய சொல்லை யாராவது படமெடுத்து நீட்டிவிடுகிறார்கள். மிகப் பெரிய கஷ்டம் வேறு. கேள்வி கேட்டவர் இரண்டாவது பதிலோடு மௌனமாகிவிடுகிறார், அதன்பின் நடப்பது பதில் சொல்பவர்களுக்குள் நடக்கும் போர். கேட்டவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை.

எனினும் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. ஹஜ்ரத்தின் முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூசும் ஒரு பையன், வீட்டுக்குள்ளிருந்து எவரிடமும் கேட்க வாய்ப்பில்லாத ஒரு பெண், அங்கே கேட்கிறார்கள். அந்தத் தம்பியும் ஐந்நூறு பேர் கூடிய சபையில்தான் கேட்டார். என்னைத் தனியே சந்திக்க அவருக்கு வழியேது? ஆகையால் சபை, கதவைத் தட்டும் இடமாக இருக்கட்டும். தட்டிய சத்தம் கேட்டு எழுந்துபோய்த் திறப்பதும், உள்ளே அழைத்து உட்காரவைப்பதும் எங்களைப் போன்றோரின் கடமை. நான் அன்று செய்தது, தட்டியவரைப் பார்த்து உள்ளிருந்தபடியே ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்தது.

மாமாவிடம் கேட்டு, அடுத்த வாரமே அந்த ஊருக்குப் போனேன். இஷாவுக்குப் பின் பள்ளியின் ஹவுளுக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தோம். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க போய் என்கிட்ட கேக்குறீங்களே ஹஜ்ரத்" என்று அவர் பதறினார். பிறகு அந்த இரவைப் பற்றி முழுவதும் சொன்னார். நான் குறுக்கிடவில்லை.

ஆதம் (அலை) அவர்களுக்கும் மூஸா (அலை) அவர்களுக்கும் நடந்த உரையாடலை அவருக்குச் சொன்னேன். எங்களைச் சுவர்க்கத்திலிருந்து வெளியேற்றிவிட்டீர்களே என்று மூஸா (அலை) கேட்க, நான் படைக்கப்படுவதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட ஒன்றுக்காக என்னைப் பழிக்கிறீரா என்று ஆதம் (அலை) கேட்டார்கள். வாதத்தில் ஆதம் (அலை) அவர்களே வென்றதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை புகாரியிலும் முஸ்லிமிலும் காணலாம். விதியைப் பாவத்துக்குச் சாக்காக்கக் கூடாது, நேர்ந்துவிட்ட முஸீபத்தில் அதைச் சாய்ந்துகொள்ளலாம் என்று அறிஞர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். அத்தாவின் அஜல் உங்கள் கையில் இல்லை, அந்த இரவில் உங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு நல்லெண்ணத்தோடு செய்தீர்கள், தெரியாததற்குக் குற்றம் இல்லை என்றேன்.

தம்பி உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. "தெரிஞ்சுக்க முயற்சி செஞ்சிருக்கலாமே ஹஜ்ரத்? பக்கத்து வீட்டில் ஆட்டோ இருந்துச்சு, எழுப்பினா சங்கடப்படுவாங்கன்னுதான் விட்டேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தெரியவில்லை தம்பி என்றேன். மேடையில் ஒருநாளும் நான் சொல்லாத வார்த்தை அது. அதைக் கேட்டு அவர் முகம் வாடவில்லை. எனக்கென்னவோ அன்றுதான் அவர் என்னை நம்பத் தொடங்கினார் என்று படுகிறது.

அதன்பின் மாதம் ஒருமுறையாவது சந்திக்கிறோம். முயற்சியில் குறைவைப்பதற்கும் அறியாமைக்கும் இடையிலுள்ள எல்லை, அஷ்அரீ இமாம்கள் கூறும் கஸ்பு என்பதன் பொருள், வருத்தமும் தவ்பாவும் எங்கே பிரிகின்றன என்பது, இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகிறது. சில நாட்களில் நான் போன மாதம் சொன்னதையே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் இப்போது ஐவேளைக்கும் பள்ளிக்கு வருகிறாரா என்று மாமா அடிக்கடி கேட்கிறார். வேலை நாட்களில் ளுஹர் தவறிவிடுகிறது, மற்றவற்றுக்கு வருகிறார்.

சென்ற ஷஅபானில் புதிதாக ஒன்று கேட்டார். அத்தாவுக்காகத் தாம் இப்போது கேட்கும் துஆ, எழுதி முடிந்துவிட்ட ஒன்றை மாற்றுமா, அல்லது அந்த துஆவும் சேர்த்தே எழுதப்பட்டதா என்று. இரண்டாவதுதான் என்று கிதாபில் இருக்கிறது. அப்படியென்றால் தாம் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார். என் உஸ்தாதுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவர்களுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, யாரையாவது வைத்து வாசிக்கச் சொல்லித்தான் பதில் எழுதவேண்டும். வரட்டும் என்று இருவரும் காத்திருக்கிறோம்.